முதல் செமஸ்டர்: பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் நடுவே விடுபட்ட பாடம்

பொறியியல் படிப்பின் முதல் செமஸ்டர் கணக்கில் ஒரு வகைக் கேள்வி உண்டு. ஓர் இரட்டைத் தொகையிடலைக் கொடுத்து, தொகையிடும் வரிசையை மாற்றி விடை காணச் சொல்வார்கள். கொடுத்திருக்கும் எல்லைகளைப் பார்த்து, அவை குறிக்கும் நேர்கோட்டையும் வளைகோட்டையும் தாளில் வரைந்து, நடுவில் அகப்படும் பகுதியை நிழலிட்டுக்கொண்டால் புதிய எல்லைகள் கண்ணுக்கே தெரிந்துவிடும். பிளஸ் டூ கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கி வந்த மாணவர்களில் பலர் இந்த இடத்தில் படமே போடுவதில்லை. முன்பு பார்த்த மாதிரிக் கணக்கில் எல்லைகள் எப்படி மாறின என்று ஞாபகப்படுத்திக்கொண்டு, அதே போல் மாற்றி எழுதுகிறார்கள். மாதிரியில் பரவளையம் இருந்து, தேர்வில் வட்டம் வந்தால் விடை போய்விடுகிறது. தொகையிடத் தெரியாத பிள்ளைகள் என்று இவர்களைச் சொல்லவே முடியாது. பிளஸ் டூவில் பக்கம் நிறைய வரும் தொகையிடல்களை ஒரு பிழையில்லாமல் முடித்தவர்கள். ஆனால் கேள்வியைப் பார்த்ததும் ‘இது எந்த மாடல் சம்’ என்று தேடத்தான் அவர்கள் பழகியிருக்கிறார்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிள்ளை முதல் வருடம் ஏன் தடுமாறுகிறது என்று கேட்டால் வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் கிடைக்கும் பதில்கள் நமக்குத் தெரிந்தவைதான். கைக்கு செல்போன் வந்துவிட்டது, சேர்க்கை சரியில்லை, கேட்க ஆளில்லை என்றதும் ஆட்டம் போடுகிறான், மனப்பாடம் செய்தே மார்க் வாங்கியவள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இவை அனைத்தும் குறையை மாணவரின் குணத்தில் தேடுகின்றன. பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மாறுவதைப் பற்றி அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஆய்வுகளையும், தமிழ்நாட்டில் அந்த மாற்றம் நடக்கும் விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொரு காரணம் தெரிகிறது. படிப்பை ஒழுங்குபடுத்தும் வேலை முழுவதையும் பிளஸ் டூ வரை பள்ளிக்கூடமே செய்துவிடுகிறது. கல்லூரிக்குள் நுழைந்த அன்றே அந்த வேலை மாணவரின் தலையில் இறங்குகிறது. இறங்கிவிட்டது என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை, அதை எப்படிச் செய்வது என்று கற்றுத்தருவதும் இல்லை.

எத்தனை பேரைத் தொடும் விஷயம் இது என்பதையும் பார்க்க வேண்டும். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய கணக்கு. ஆனால் இப்படிச் சேர்கிறவர்களில் ஏராளமானோர் தங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள். செமஸ்டர் என்றால் என்ன, இன்டர்னல் எதற்கு, அரியர் விழுந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியில்லை.

பள்ளிக்கூடம் சுமந்த வேலை

பிளஸ் டூ மாணவரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் ஸ்டடி. உறைவிடப் பள்ளி என்றால் விடிவதற்கு முன்பே எழுப்பி, இரவு தூங்கப்போகும்வரை புத்தகத்தோடு உட்காரவைப்பார்கள். இன்றைக்கு ஒரு மார்க் கேள்விகளில் டெஸ்ட், நாளைக்கு இரண்டு மார்க்கில், வாரக் கடைசியில் முழுப் பாடத்தில். காலாண்டு, அரையாண்டு முடிந்ததும் முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள், பழைய வினாத்தாள்கள், எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் வரும் என்ற கணக்கு. தப்பாக எழுதியவர் அதையே மறுபடி மறுபடி எழுதிக் காட்ட வேண்டும். எதைப் படிப்பது, எப்போது படிப்பது, எத்தனை முறை திரும்பிப் பார்ப்பது, எது இன்னும் மண்டையில் ஏறவில்லை என்று கண்டுபிடிப்பது ஆகிய எல்லாவற்றையும் ஆசிரியர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த முறையைத் திட்டுவது சுலபம். நானும் திட்டத்தான் போகிறேன். ஆனால் அதற்குள் கற்றல் ஆய்வுகள் ஒப்புக்கொள்ளும் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்து, ஒன்றைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொன்றை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்ததுதான் அதிகம் ஞாபகம் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முடிவு தலைகீழாகிவிட்டது: எழுதிப் பார்த்த பகுதியில் 56 சதவீதம் நின்றது, திரும்பப் படித்ததில் 42 சதவீதம்தான். ஜான் டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிட்டார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பது என்ற இரண்டுக்கும் உயர்ந்த இடம் கிடைத்தது. மாணவர்கள் அதிகம் நம்பும் இரண்டு வேலைகள், அதாவது வரிகளை வண்ணமிடுவதும் ஒரே மூச்சில் மறுபடி வாசிப்பதும், கீழே போயின.

இதை நம் பிளஸ் டூவோடு பொருத்திப் பாருங்கள். அந்த மாணவருக்கு மார்க் வாங்கித் தந்ததில் பெரிய பங்கு, நாள் தவறாமல் வைத்த டெஸ்ட்டுகளுக்கும் மாதக்கணக்கில் பரவிக்கிடந்த திருப்புதல்களுக்கும் உரியது. அவற்றை வைத்தது பள்ளிக்கூடம். மாணவரோ தான் ராப்பகலாக உட்கார்ந்து வாசித்ததுதான் மார்க் ஆனது என்று நம்பிக்கொண்டு கல்லூரிக்கு வருகிறார். இங்கே தினசரி டெஸ்ட் கிடையாது. செமஸ்டர் முழுவதற்கும் இரண்டு மூன்று இன்டர்னல் தேர்வுகள், கடைசியில் பல்கலைக்கழகத் தேர்வு. பலன் தந்த பழக்கம் பள்ளியோடு போய்விட, பலன் தராதது மட்டும் கையில் மிஞ்சுகிறது. தேர்வுக்கு முதல் நாள் இரவு, ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸை மூன்று முறை வாசிக்கிறார். வாசித்த சூட்டில் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கிறது. மறுநாள் எழுத முடியவில்லை. “படிச்சேன் சார், ஹாலுக்குள்ள போனதும் மறந்துடுச்சு” என்று அவர் சொன்னால் அது பொய்யே இல்லை.

இனி திட்ட வேண்டிய பகுதி. தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு 1984இல் கொண்டுவந்த பொது நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கியது. அதன்பிறகு பொறியியல் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து நடந்துவருகிறது: கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200க்குக் கட் ஆஃப். நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது நியாயம் செய்தது. அந்த முடிவு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லாமே பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கில் தொங்கியதால், மார்க்குக்குப் பெயர்போன பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பிளஸ் ஒன்னில் சேர்ந்த நாளிலிருந்தே பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் நடத்தின. இயக்கவியலும் வெக்டரும் எல்லை, தொடர்ச்சி என்ற நுண்கணிதத்தின் அடிப்படையும் பதினொன்றாம் வகுப்பில்தான் இருக்கின்றன. முதல் செமஸ்டர் கணக்கும் இயற்பியலும் நிற்பது அவற்றின் மேல். இதைத் தடுக்கத்தான் 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் தேர்வுச் சுமை குறைந்தது நல்லது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மறுபடி ஓரங்கட்டிவிடாமல் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு மட்டும் சீக்கிரம் விடை வேண்டும்.

புகுமுக வகுப்பு செய்துவந்தது

இன்றைக்கு எழுபதைத் தாண்டியவர்களிடம் பேசினால் பி.யூ.சி. பற்றிச் சொல்வார்கள். பதினோரு வருடப் பள்ளிப் படிப்பு முடித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதியபின், கல்லூரியில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு, அதற்குப் பிறகே பட்டப் படிப்பு. அதற்கும் முந்திய தலைமுறைக்கு இரண்டு வருட இன்டர்மீடியட் இருந்தது, அதுவும் கல்லூரியில்தான். கோத்தாரி குழு 1964-66இல் பரிந்துரைத்த 10+2+3 முறையைத் தமிழ்நாடு 1978இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, அந்த இடைப்பட்ட படிப்பு மேல்நிலை வகுப்பாகிப் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டது. எல்லா மாநிலங்களும் அப்படிச் செய்யவில்லை. கேரளத்தில் ப்ரீ டிகிரி ஏறத்தாழ 2000 வரை கல்லூரிகளில் இருந்தது. ஆந்திரத்தில் இன்றும் அந்த இரண்டு வருடத்துக்கு ஜூனியர் கல்லூரிகள்தான்.

பி.யூ.சி. ஒன்றும் பொற்காலம் இல்லை. தமிழில் படித்துவிட்டு வந்து ஆங்கிலத்தில் தடுக்கி விழுந்தவர்கள், ஒரு வருடத்தோடு கல்லூரியை மறந்தவர்கள் எக்கச்சக்கம். ஆனால் அந்த வருடத்துக்கு ஒரு வேலை இருந்தது. பதினாறு வயதுப் பையன், பட்டப் படிப்பு தொடங்கும் முன்பே கல்லூரி எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவான். விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பதும், நூலகத்தில் புத்தகம் தேடுவதும், ஆய்வகத்தில் ரெக்கார்டு எழுதுவதும் அந்த வருடத்துக்குள் கை வந்துவிடும்.

1978 மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர்ப்பக்கத்து மேல்நிலைப் பள்ளிகள் வந்ததால்தான், வெளியூருக்கு அனுப்ப வீட்டில் சம்மதிக்காத பெண் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்தார்கள். இன்றைய 47 சதவீதத்துக்கு விதை அங்கே இருக்கிறது. புகுமுக வகுப்பைத் திரும்பக் கொண்டுவரவும் தேவையில்லை. அது செய்துவந்த வேலையை இன்று யார் செய்கிறார்கள் என்பதே கேள்வி. பள்ளி செய்யவில்லை, அதற்குப் பொதுத் தேர்வு இருக்கிறது. கல்லூரியும் செய்யவில்லை, அது பள்ளியில் முடிந்துவிட்டதாக நினைக்கிறது.

மொழி

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவி முதல் வாரம் இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியர் டார்க் என்கிறார், மொமண்ட் ஆஃப் இனர்ஷியா என்கிறார். திருப்பு விசையும் நிலைமத் திருப்புத்திறனும் அவருக்கு நன்றாகத் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் போட்டிருக்கிறார். கரும்பலகையில் ஓடுவது அதேதான் என்று கண்டுபிடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விட்டார். சந்தேகம் கேட்கலாம் என்றால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமோ என்ற பயம். பின்வரிசைக்குப் போய்விடுகிறார். ஒரு மாதத்தில் அவரைப் பற்றி ஆசிரியர் அறையில் ‘அடிப்படையே இல்லாத பொண்ணு’ என்ற பெயர் வந்துவிடுகிறது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. அந்தப் பெண்ணிடம் இல்லாதது சில நூறு கலைச்சொற்களும் கொஞ்சம் துணிச்சலும்தான். ஒரு செமஸ்டரில் கொடுத்துவிடக் கூடியவை.

ஆங்கில வழியில் படித்தவர்கள் இதில் தப்பிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. சிறு நகரத்து ஆங்கில வழிப் பள்ளிகளில் விடைகளை அப்படியே உருப்போட்டு எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் தாமாக ஐந்து வரி எழுத வராது. தமிழ் வழி மாணவராவது பாடத்தைப் புரிந்துகொண்டு வந்திருப்பார். இவர்களில் சிலருக்கு இரண்டும் அரைகுறை. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் 13 மதிப்பெண் கேள்விக்கு மூன்று நான்கு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது என்றதும் இரு தரப்பும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்: கைடை வாங்கி மனப்பாடம் செய்வது.

தமிழிலேயே கல்லூரிக் கல்வி என்ற முயற்சி நமக்குப் புதிதில்லை. கலைப் பாடங்களைத் தமிழ் வழியில் நடத்துவது 1960களிலேயே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் அச்சிட்டது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியில் கொண்டுவந்தது. வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்ற அச்சத்தால் பெரும்பாலான குடும்பங்கள் ஆங்கில வழியையே தேர்ந்தெடுக்கின்றன. அந்த விவாதம் நெடியது, இங்கே முடியாது. வகுப்பறைக்குள் நல்ல ஆசிரியர்கள் ஏற்கெனவே செய்துவரும் ஒன்று போதும் இப்போதைக்கு: ஆங்கிலத்தில் எழுதிப்போட்டுத் தமிழில் விளக்குவது, முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரண்டு மொழியிலும் பலகையில் எழுதுவது, சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம் என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்வது. ஆய்வுக் குழுக்கள் வந்து பார்க்கும்போது இதை மறைக்கிறார்கள். மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வேகமாகக் கரையும் செமஸ்டர்

கவுன்சிலிங் சுற்றுகள் முடிந்து முதலாண்டு வகுப்புகள் தொடங்க ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். தொடக்க விழா, பண்டிகை விடுமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு விடும் லீவு எல்லாம் போக, தேர்வு ஆரம்பிப்பதற்குள் மாணவருக்குக் கையில் நிற்பது குறைவான வாரங்கள். பள்ளியில் ஒரு பாடத்துக்குப் பத்து மாதம் இருந்தது. இங்கே ஐந்து அலகுகளை அதில் பாதிக்கும் குறைவான காலத்தில் முடித்தாக வேண்டும். பள்ளியில் ஜூன் மாதம் தவறவிட்டதை டிசம்பரில் பிடித்துவிடலாம். இங்கே செப்டம்பரில் தவறவிட்டது அக்டோபரிலேயே இன்டர்னலாக வந்து நிற்கும்.

மார்க் கணக்கும் மாறிவிட்டது. பிளஸ் டூவில் தேர்ச்சிக்கு 35. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தேர்ச்சிக்கு 50 வேண்டும். எழுத்துத் தாள்களில் நூற்றுக்கு 40 இன்டர்னல், 60 செமஸ்டர் தேர்வு. பள்ளியில் காலாண்டுத் தேர்வில் கோட்டைவிட்டால் பொதுத் தேர்வில் சரிக்கட்டிவிடலாம் என்று பழகிய பிள்ளைக்கு, முதல் இன்டர்னலில் போனது கடைசிக் கணக்கில் சேரும் என்பது உறைப்பதற்குள் அது முடிந்திருக்கும். வருகைப் பதிவு 75 சதவீதம் என்பதையும் பலர் நவம்பரில் பட்டியல் ஒட்டியபிறகே கவனிக்கிறார்கள். முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்தவர் இரண்டாவது செமஸ்டரில் ஒரே நேரத்தில் இரண்டு கணக்குத் தாளுக்குப் படிக்க வேண்டும். அங்கிருந்து சரிவு தொடங்குகிறது, மூன்றாம் ஆண்டுவரை இழுக்கிறது.

சேர்ந்து படிப்பது

இந்தப் பிரச்சினை பற்றி நடந்த ஆய்வுகளில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது யூரி ட்ரைஸ்மனுடையது. 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகம் தோற்பதையும், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்வதையும் கவனித்தார். காரணம் என்ன என்று பேராசிரியர்களைக் கேட்டால், அக்கறை இல்லை, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கமில்லை, வறுமை என்றார்கள். நம் ஆசிரியர் அறைகளில் கேட்பதேதான். ட்ரைஸ்மன் அதை நம்பிவிடாமல், இரு தரப்பிலும் இருபது இருபது மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே போய்ப் பார்த்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணங்கள் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் சொன்ன நேரம் தவறாமல் படித்தார்கள், வீட்டுப்பாடம் செய்தார்கள், ஆனால் தனியாக. சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு, மாலையில் கூடி விடைகளைச் சரிபார்த்தார்கள், ஒருவர் தவறை இன்னொருவர் பிடித்தார்கள், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் அது தன் மண்டைக் கோளாறு இல்லை, கணக்கே கடினம் என்று தெரிந்துகொண்டார்கள். தனியாகப் படித்தவருக்கு அது தெரிய வழியே இல்லை.

அதன்பிறகு ட்ரைஸ்மன் செய்ததுதான் முக்கியம். பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று எதையும் தொடங்கவில்லை. வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போடவைக்கும் பட்டறைகளை நடத்தினார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. நம் கல்லூரிகளில் ‘ஸ்லோ லேர்னர்’ என்று பட்டியல் போட்டு மாலையில் உட்காரவைத்து, வகுப்பில் நடத்தியதையே மெதுவாக மறுபடி நடத்துகிறார்களே, அதற்கு நேர் எதிரான வழி இது. பட்டியலில் பெயர் வந்த மாணவருக்குப் பாடம் வருகிறதோ இல்லையோ, தன்னைப் பற்றி ஒரு முடிவு வந்துவிடுகிறது.

இந்த இடத்துக்குத் தான் உரியவர்தானா என்ற சந்தேகத்தின் கனத்தைப் பலரும் அளந்திருக்கிறார்கள். வின்சென்ட் டின்டோ 1975இல் எழுதிய கட்டுரை, படிப்பை நிறுத்துவதற்குக் கல்லூரியின் படிப்புச் சூழலோடும் மனிதர்களோடும் ஒட்டாமல் போவதைக் காரணமாகக் காட்டியது. கிரிகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் செலவிட்டார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள்: எங்களுக்கும் இங்கே பொருந்துவோமா என்ற பயம் இருந்தது, நாளாக ஆகச் சரியாகிவிட்டது. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகள் உயர்ந்தன. 2023இல் 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் இதைச் சோதித்தபோது ஒரு முக்கியமான நிபந்தனை தெரிந்தது. அந்த மாணவருக்கு ஒட்டிக்கொள்ள உண்மையிலேயே இடம் கொடுக்கும் நிறுவனங்களில்தான் அந்த வார்த்தைகள் பலித்தன. வெறும் தேறுதல் பேச்சு போதாது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

நம் மாநிலத்தில் இடம் கொடுப்பது என்றால் சாதியைத் தவிர்த்துப் பேச முடியாது. எந்தக் கோட்டாவில் வந்தாய், கட் ஆஃப் என்ன என்ற விசாரணை முதல் வாரமே விடுதி அறைகளில் தொடங்கிவிடுகிறது. அதைக் கண்டும் காணாமல் இருக்கும் துறைத் தலைவர், அந்த மாணவரின் முதல் செமஸ்டரைக் கெடுப்பதில் பங்காளி.

ராகிங் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டதற்குப் பிறகு, 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. கொடுமை பெருமளவு குறைந்தது. கூடவே சீனியர்களோடு பேசுவதே ஆபத்து என்று பல கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களைத் தனிக் கட்டடம், தனி விடுதி, தனி உணவு நேரம் என்று பிரித்துவிட்டன. பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் கல்லூரியின் நெளிவுசுளிவுகளைச் சொல்லித்தரக்கூடிய ஒரே ஆட்களான அக்காவும் அண்ணனும் அதனால் எட்டாமல் போய்விட்டார்கள். கண்காணிப்போடு அந்த உறவைத் திரும்ப ஏற்படுத்த வேண்டும்.

அரசு செய்திருப்பதும் செய்யாததும்

பணத்தைப் பொறுத்தவரை தமிழ்நாடு நிறையச் செய்திருக்கிறது. 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் 7.5 சதவீத இடம். 2022 செப்டம்பரில் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரத்தை இலவசம் என்று கேலி பேசுகிறவர்களுக்கு, சொந்தக் கணக்கில் விழும் முதல் பணம் ஒரு பெண்ணுக்கு என்ன என்று தெரியவில்லை. பஸ் செலவும் ரெக்கார்டு நோட்டும் போக, வீட்டில் கல்யாணப் பேச்சு எழும்போது ‘படிப்பு முடியட்டும்’ என்று சொல்ல அது ஒரு பிடி.

படிக்கக் கற்றுத்தரும் பக்கம்தான் வெறுமையாக இருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) 2018 மாதிரிப் பாடத்திட்டம் பொறியியலில் மூன்று வாரத் தொடக்க நிகழ்ச்சியைக் கட்டாயமாக்கியது; 2019இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் (யு.ஜி.சி.) தீக்‌ஷாரம்ப் என்ற பெயரில் இதையே எல்லாக் கல்லூரிகளுக்கும் பரிந்துரைத்தது. எண்ணம் அருமையானது. நடைமுறையில் மூன்று வாரம் ஒரு வாரமாகச் சுருங்கி, அரங்கத்தில் பிரமுகர்களின் உரைகளாகிவிடுகிறது. வெற்றி, லட்சியம், ஒழுக்கம், வேலைவாய்ப்பு எல்லாம் பேசப்படுகின்றன. ஒரு பாடப் புத்தகத்தின் அத்தியாயத்தை எடுத்து, அதைப் படித்து, மூடிவைத்து, எழுதிப் பார்த்து, எங்கே சறுக்கியது என்று கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம்கூட யாரும் செய்துகாட்டுவதில்லை. மனம் உடைந்த மாணவர் அழைக்க 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது; அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதோடு கடமை முடிந்ததாகப் பல கல்லூரிகள் இருந்துவிடுகின்றன.

செய்ய வேண்டியவற்றுக்குப் பெரிய செலவில்லை. முதல் ஆறு வாரம் வாரா வாரம் சிறு தேர்வு, மார்க் பதியாமல், திருத்திய தாள் மறுநாளே கையில். ஏழாவது வாரத்திலிருந்து அந்தக் கேள்விகளை மாணவர்களே தயாரித்து ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும். பள்ளி செய்த வேலை அப்படித்தான் கைமாறும். வாரம் இரண்டு மாலைகள், நால்வர் ஐவர் கொண்ட குழுக்களில் கடினமான கணக்குகள். தமிழ் வழி, ஆங்கில வழி, விடுதி, வீட்டிலிருந்து வருகிறவர் எல்லோரும் கலந்திருக்கும்படி அந்தக் குழுக்களை ஆசிரியர் பிரிக்க வேண்டும், மாணவர்களிடம் விட்டால் ஊர்க்காரர்களும் ஒரே பள்ளிக்காரர்களும் சேர்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மூன்றாமாண்டு மாணவர், கல்லூரியின் ஊதியத்தோடு. பதினொன்றாம் வகுப்பில் விடுபட்டதைக் கண்டுபிடிக்க முதல் வாரம் ஒரு தேர்வு, அதன்படி பிரிட்ஜ் கோர்ஸ்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் இன்டர்னலில் 23 வாங்கிய பிள்ளையிடம் பிளஸ் டூ மார்க்கை நினைவுபடுத்திப் பேச வேண்டாம். ‘ஆசிரியர் அறைக்குப் போய் அந்தத் தாளைக் காட்டி என்ன தப்பு என்று கேட்டாயா’ என்று விசாரித்தால் போதும். வீட்டிலிருந்து யாரும் கல்லூரிக்குப் போகாத பிள்ளைகள் பலருக்கு அப்படிப் போய்க் கேட்கலாம் என்பதே தெரியாது. பள்ளியில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாலே ஏதோ தப்புச் செய்துவிட்டதாக அர்த்தம்.

இவை எல்லாம் நடக்க வேண்டுமென்றால் முதலாண்டு வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்பதில் தொடங்க வேண்டும். பல கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்தவருக்கும், அரசுக் கலைக் கல்லூரிகள் என்றால் கௌரவ விரிவுரையாளருக்கும் அந்த வகுப்புகள் ஒதுக்கப்படுகின்றன. அனுபவசாலிகள் இறுதியாண்டுக்கும் முதுகலைக்கும் போய்விடுகிறார்கள். துறையிலேயே நன்றாக நடத்துகிறவர் முதல் செமஸ்டரை எடுக்கட்டும். குழு மாலைகளும் தாள் திருத்தும் நேரமும் அவருடைய பாடவேளைக் கணக்கில் சேரட்டும். வரும் கல்வியாண்டுக்கான கால அட்டவணையைத் துறைக் கூட்டத்தில் போடும்போதே இதை முடிவு செய்துவிடலாம், பல்கலைக்கழகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.